ஏசி பைப் ஃபோமும் பனியன் துணியும்: காய்ந்த கண்ணுக்கு ஒரு கண்ணாடி

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டிலிருந்து மில் வரைக்கும் 11 கிலோமீட்டர் வண்டியை எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போனேன். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அதே பாதையில் மூன்று இடத்தில் நிறுத்துவேன்: கோயில் வேப்பமரம், பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப் நிழற்குடை. ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைச் சாய்த்து, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் மூடியிருந்துவிட்டு மறுபடி கிளம்புவேன். பால் சொசைட்டிக்காரர் என் வண்டிச் சத்தம் கேட்டாலே ஸ்டூலை எடுத்து வெளியே போட்டுவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்டூல் போட்டபடியே கிடந்தது. நான் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

எங்கள் வீடு பூளவாடிப் பக்கம். அந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றி உடுமலை, குடிமங்கலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்தால் புரட்டாசி வரைக்கும் ஓயாது. சுற்றிலும் காற்றாலைகள் அதற்காகத்தான் நிற்கின்றன. அந்தக் காற்றில் சிலருக்குக் காசு வருகிறது. எனக்குக் கண்ணில் மணலைக் கொட்டினாற்போல இருக்கும்.

எனக்கு இருப்பது ஷோக்ரன் நோய். 1933இல் இதை விரிவாக எழுதிய சுவீடன் கண் மருத்துவர் ஒருவரின் பெயர் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் போட்டுத் தாக்கும். வெங்காயம் அரிந்தால் எரியும், தண்ணீர் வராது. முறுக்கு தின்ன ஒரு சொம்புத் தண்ணீர் பக்கத்தில் வேண்டும். பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்குத்தான் வருமாம். எனக்கு 44இல் வந்தது.

கண் ஆஸ்பத்திரியில் ஷிர்மர் சோதனை என்று ஒன்று செய்தார்கள். 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு வடிகாகிதத் துண்டு. முனையை மடித்துக் கீழ் இமைக்குள் மாட்டித் தொங்கவிடுவார்கள். கண்ணுக்கு வால் முளைத்த மாதிரி 5 நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு மேல் காகிதம் நனைந்தால் பரவாயில்லை, 5க்குக் கீழே போனால் மோசம். எனக்கு வலது கண்ணில் 3, இடது கண்ணில் 2.

மருந்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்ளோஸ்போரின் சொட்டு காலையும் இரவும். கண்ணீர் மூக்குக்குள் வடிகிற துளையை அடைக்கக் கீழ் இமைகளில் சின்ன அடைப்பான். அதுபோகச் செயற்கைக் கண்ணீர், நாளைக்கு 18, 20 தடவை. இத்தனை தடவை விடுகிறவர்கள் கெட்டுப்போகாமல் இருக்க மருந்து கலந்த பாட்டில் சொட்டை விடக் கூடாது, அந்த மருந்தே கண்ணை அரிக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தினமும் பிய்த்து விடுகிற சின்னக் குப்பிகள்தான். மாதம் 2,600 ரூபாய் அதற்கே போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடி செய்யலாம் என்ற யோசனை ஆஸ்பத்திரியில் வரவில்லை, மில்லில் வந்தது. நான் நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் நாற்காலிக்கு நேர் மேலே ஏசி. ஒரு மாதக் கடைசியில் ஸ்டாக் சரிபார்க்க ஸ்பின்னிங் ஷெட்டுக்குள் மூன்று மணி நேரம் இருந்தேன். வெளியே வந்து பையைத் திறந்தபோதுதான் கவனித்தேன், குப்பியை ஒரு தடவைகூட எடுக்கவே இல்லை. ஆபீஸில் அதே மூன்று மணி நேரத்துக்கு ஐந்து தடவை விட்டிருப்பேன். ஷெட்டுச் சுவரில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் 58 சதவீதம் காட்டியது. அதையே கழற்றி எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்துப் பார்த்தால் 39.

ஹியூமிடிட்டி பிளான்ட் பார்க்கிற தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "ஏனுங்க்கா, நூலே காஞ்சா அறுந்து போகுதுங்க. அதுக்குத்தானே ராத்திரி பகலா தண்ணியத் தெளிச்சுட்டிருக்கோம்."

அதற்காக ஷெட்டிலேயே போய் உட்காரவும் முடியாது. பஞ்சு தூசி பறக்கும், அது வேறு உறுத்தும். ஆனால் ஒன்று புரிந்தது. அதுவரை கண்ணுக்குள் என்ன விடலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் இருக்கிற கால் டம்ளர் காற்றை நனைத்து வைத்துக்கொண்டால் போதும், ஷெட்டையே கூட எடுத்துக்கொண்டு போன மாதிரி.

வெளிநாட்டில் இதற்கென்றே கண்ணாடி இருக்கிறது. வைலி எக்ஸ், செவன் ஐ என்று மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்கிற சில மாடல்களில் பிரேமுக்குப் பின்னால் ஃபோம் வளையம் இருக்கும். கண் காய்ந்தவர்களும் அதை வாங்கிப் போடுகிறார்கள். பவர் லென்ஸ், சுங்கம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டேன். கணக்குப் பிரிவில் இருப்பவள் அல்லவா, அந்தக் காகிதத்தை உடனே மடித்து வைத்துவிட்டேன்.

முதலில் வாங்கியது ஹார்ட்வேர் கடையில் 190 ரூபாய்க்கு ஆசிட் தெறிக்காமல் போடுகிற பெரிய கண்ணாடி. என் பவர் கண்ணாடிக்கு மேலேயே போடலாம் என்றார்கள். போடலாம்தான், ஆனால் அதற்கு மேல் ஹெல்மெட் போக மாட்டேன் என்கிறது. ஆபீஸில் போட்டால் பத்தே நிமிஷத்தில் உள்ளே ஆவி படிந்து லெட்ஜர் மறைந்துவிடும். கேஷியர் "ஆய்வகம் எப்பத் திறந்தீங்க?" என்று கேட்டார். இப்போது அதைக் கழிவறைக்கு ஆசிட் ஊற்றும்போது போட்டுக்கொள்கிறேன், அதற்குத்தானே செய்தார்கள்.

இரண்டாவது, நீச்சல் கண்ணாடி. பவரோடு கிடைக்கிறது என்பது வாங்கும்வரை எனக்குத் தெரியாது. அரை அரையாக ஏறும் பவர், சிதறல் பார்வைக்குப் போடுகிற சிலிண்டர் பவர் கிடையாது. எனக்கு மைனஸ் 2.5, கூட 0.75 சிலிண்டர். மைனஸ் 2.5 மட்டும் வாங்கினேன், 650 ரூபாய். ஈரம் என்றால் ஈரம், கண் குளிர்ந்து போனது. ஆனால் அரைமணி நேரத்தில் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், ஒரு மணி நேரத்தில் தலைவலி. ஓட்டவோ எழுதவோ ஆகவில்லை. இதைத் தூக்கிப் போடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு உள்பாவாடைக்குப் போடுகிற அகல எலாஸ்டிக்கைத் தளர்வாகத் தைத்து, இரவில் போட்டுத் தூங்குகிறேன். இமை முழுக்க மூடாமல் தூங்குகிற வழக்கம் எனக்கு. மேலே ஃபேன் ஓடும். விடியற்காலையில் இமை கண்ணோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்கிற வலி இருக்குமே, அது அன்றோடு போனது.

பகலுக்கு என்ன செய்வது? என் பழைய கண்ணாடியைச் சுற்றி நானே ஃபோம் ஒட்டுவது என்று முடிவு செய்தேன். டிவி வந்த பெட்டியில் இருந்த வெள்ளை ஸ்பாஞ்சை வெட்டி, நொடியில் ஒட்டுகிற பசை வைத்து ஒட்டினேன். இரண்டு தப்பு. அந்தப் பசை காயும்போது வருகிற ஆவி லென்ஸில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது, துடைத்தாலும் போகவில்லை. 900 ரூபாய் லென்ஸ். போட்டுப் பார்த்தபோது கண் எரிந்தது வேறு, கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். அடுத்த தப்பு ஸ்பாஞ்ச். அது வேர்வையைக் குடிக்கும், மூன்றாம் நாள் நாறும், பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி எங்கே போய் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் புராஜெக்ட் செய்ய விற்கிற ஈவா ஷீட், 3 மில்லிமீட்டர், 40 ரூபாய். நாலு அடுக்கு ஒட்டிப் பார்த்தேன். விறைப்பு, முகத்தோடு வளையவில்லை. நெற்றியில் அழுத்தும், கன்னத்தில் விரல் போகிற இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் வருகிற காற்று சும்மா வருகிற காற்றைவிட மோசம், ஊசி மாதிரி ஒரே இடத்தில் குத்தும்.

இங்கேதான் கொஞ்சம் நிதானித்தேன். முகத்துக்கும் பிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்காமல் வெட்டிக்கொண்டிருந்தால் என்றைக்கும் பொருந்தாது. ஸ்கேலை அங்கே வைக்க வழியில்லை. சப்பாத்திக்குப் பிசைந்த மாவு இருந்தது. கயிறு மாதிரி உருட்டி பிரேமின் பின்பக்கம் சுற்றி வைத்து முகத்தில் அழுத்தினேன். எடுக்கும்போது புருவத்தில் பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அழுத்தினேன். சுத்தமாக வந்தது. அச்சை அப்படியே ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, பிளேடால் எட்டு இடத்தில் குறுக்கே வெட்டி அளந்தேன். மூக்கோரம் 4 மில்லிமீட்டர். புருவத்துக்குக் கீழே 7. கன்னத்தில் 9. காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டுப் பக்கம் வலதில் 19, இடதில் 17. என் முகம் கோணல் என்று 46 வயதில் கோதுமை மாவு சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஃபோம் கிடைத்தது தற்செயல்தான். ஆபீஸ் ஏசியை சர்வீஸ் பண்ண வந்தவர் செம்புப் பைப்புக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் உறையில் ஒரு முழத் துண்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். கையில் எடுத்து அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை, விட்டால் பழைய வடிவத்துக்கே வருகிறது. 19 மில்லிமீட்டர் கனம். அதைவிட நல்ல விஷயம், குழாய் வடிவம் என்பதால் அதற்கே ஒரு வளைவு இருந்தது, கண்குழியின் வளைவோடு ஏறக்குறைய ஒத்துப் போனது. ரப்பர் நாற்றம் மட்டும் கடுமை. சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் எட்டு நாள் தொங்கவிட்டேன்.

பிரேமை மாவு அச்சு எடுப்பதற்கு முன்பே மாற்றியிருந்தேன். ஓரமாக வளைந்த விளையாட்டுக் கண்ணாடி வாங்கினால் இடைவெளியே குறையுமே என்று கடையில் கேட்டேன். லென்ஸ் பொருத்துகிற பெரியவர் தலையாட்டினார். "அந்த வளைவுல உங்க சிலிண்டரப் போட்டா ஓரத்துல கோடெல்லாம் வளையுமுங்க மேடம். படியிறங்கும்போது தடுமாறுவீங்க. தட்டையாவே வாங்கிட்டு மத்ததப் பாத்துக்கோங்க." அவர் பேச்சைக் கேட்டது சரிதான். கொஞ்சம் உயரமான, கனமான வளையம் உள்ள பிளாஸ்டிக் பிரேம், 550 ரூபாய். பாலிகார்பனேட் லென்ஸ் 1,100.

பசை வேண்டவே வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். ஃபோம் துண்டின் ஒரு விளிம்பில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் புது பிளேடால் ஒரு கீறல். பிரேமின் வளையம் அந்தக் கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே வெட்டினால் ரப்பர் இழுக்காமல் வெட்டுப்படும். பல்லுள்ள கத்தி ஆகாது, விளிம்பு பிசிறும். முதல் ஜோடியில் கணக்குப் பிசகிவிட்டது. கன்னத்து இடைவெளி 9, ஃபோம் அமுங்குவதற்கு 2, ஆக 11 என்று வெட்டிவிட்டேன். கீறலுக்குள் போகிற 3ஐ விட்டுவிட்டேன். 14 வெட்டியிருக்க வேண்டும். நாளெல்லாம் கூட்டல் போடுகிறவள்!

இரண்டாம் ஜோடியில் மூக்கு 9, புருவம் 12, கன்னம் 14. மாட்டிப் பார்த்தேன், பொருந்தியது. அன்றைக்கே வண்டியில் போனேன். முதல் வேகத்தடையில் இடது ஃபோம் கழன்று மடியில் விழுந்தது. இப்போது ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் நைலான் நூலால் பிரேமோடு ஒரு முடிச்சு. கழுவும்போது மட்டும் நூலை வெட்டிவிட்டு மறுபடி கட்டுவேன்.

அதைவிடப் பெரிய பயம் அடுத்த நாள் காட்டியது. பொட்டுப் பக்கத்தையும் கறுப்பு ஃபோமாலேயே அடைத்திருந்தேன். குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி. மெயின் ரோட்டில் ஏறும்போது வலதுபக்கம் வந்த மினி பஸ் என் கண்ணில் படவே இல்லை, ஹார்ன்தான் காப்பாற்றியது. வண்டியை ஓரம் கட்டி, பக்கவாட்டு ஃபோமை அங்கேயே பிடுங்கிப் போட்டேன். கண் காய்ந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் வருவது தெரிய வேண்டும்.

அந்த இடத்துக்கு டைனிங் டேபிள் மேல் விரிக்கிற கண்ணாடி மாதிரியான ஷீட்டை வைத்தேன், 1 மில்லிமீட்டர் கனம், 60 ரூபாய்க்கு வாங்கினது இன்னும் பாதி இருக்கிறது. அரைவட்டமாக வெட்டி, நடுவில் இரண்டு கீறல் போட்டு, காதில் மாட்டுகிற சைடை அதற்குள் நுழைத்தேன். அதன் வெளி விளிம்பில் மட்டும் மெல்லிய ஃபோம் கீற்று. வலது அரைவட்டம் இடதைவிட 2 மில்லிமீட்டர் அகலம், மாவு சொன்னபடி. இப்போது ஹெல்மெட்டை முதலில் போட்டுக்கொண்டு கண்ணாடியை அப்புறம் நுழைக்க வேண்டும். ஷீட் வளைந்து கொடுக்கிறது.

தோலில் ரப்பர் படுகிற இடத்தில் இரண்டு நாளில் அரிப்பு வந்தது. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு துணிக்கா பஞ்சம். பனியன் கட்டிங் வேஸ்டில் வெள்ளைக் காட்டன் துண்டுகளை எடுத்து ஃபோமுக்கு உறை தைத்தேன். வேர்வையை அது உறிஞ்சிக்கொள்கிறது, தினம் ஒன்று மாற்றிக் கழுவிப் போடலாம். ஆறு ஜோடி வைத்திருக்கிறேன்.

கடைசித் தலைவலி ஆவி. நன்றாக மூடினால் ஈரம் நிற்கும், லென்ஸும் மங்கும். ஓட்டை போட்டால் லென்ஸ் தெளியும், கண் காயும். சூடாக்கின கோணி ஊசியால் ஃபோமில் 2 மில்லிமீட்டர் துளைகள் போட்டுப் பார்த்தேன். மேலே நாலு, கீழே மூன்று என்று ஆரம்பித்தேன், காற்று உள்ளே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அந்த ஃபோம் வீண். அடுத்ததில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கண்ணுக்கு மேலே இரண்டு, கீழே எதுவும் இல்லை என்பது எனக்குச் சரிப்பட்டது. சிக்னலில் நின்றால் இன்றைக்கும் கொஞ்சம் மங்கும், வண்டி நகர்ந்ததும் தெளியும். மழைக்காலக் காலையில் மட்டும் வேலைக்கு ஆவதில்லை. ஆவி படியாமலிருக்க விற்கிற ஸ்பிரேயை நான் தொடவில்லை. பசை ஆவி ஒரு தடவை கற்றுக்கொடுத்தது போதும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க என்னிடம் இருந்தது செல்போன் ஸ்டாப்வாட்ச்தான். ஏசிக்கு நேராக உட்கார்ந்து, கண் சிமிட்டாமல் எரிச்சல் தொடங்கும்வரை எத்தனை நொடி என்று அளந்தேன். வெறுங்கண்ணுக்கு 6 நொடி. சாதாரணக் கண்ணாடியோடு 8. இதோடு 21. தினமும் காலி செய்த குப்பிகளை எண்ணி மேஜைக் காலண்டரில் எழுதினேன். 18, 20 என்று இருந்தது மூன்று வாரத்தில் 7, 8க்கு வந்து நின்றது.

டாக்டரிடம் போட்டுக்கொண்டே போனேன். கழற்றிக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கீறலில் வளையம் உட்காருவதை இரண்டு தடவை கழற்றி மாட்டினார். பச்சைச் சாயம் விட்டு கருவிழியைப் பார்த்தபோது, காய்ந்து புண்ணான இடங்களைக் காட்டும் புள்ளிகள் முன்பைவிட நன்றாகக் குறைந்திருந்தன. மறுபடியும் காகித வால் மாட்டி 5 நிமிஷம். வலது 3, இடது 2. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. சொட்டு மருந்தில் எதையும் நிறுத்தக் கூடாது, செயற்கைக் கண்ணீரை மட்டும் தேவைப்படுகிறபோது விடுங்கள் என்றார்.

செலவைச் சொல்லாவிட்டால் என் உத்தியோகத்துக்கு அழகில்லை. பிரேம் 550, லென்ஸ் 1,100, ஷீட் 60, பிளேடு 20: மொத்தம் 1,730. ஃபோம், துணி, நூல் சும்மா வந்தவை. வீணானது: ஆசிட் கண்ணாடி 190, நீச்சல் கண்ணாடி 650, பூத்துப்போன லென்ஸ் 900, ஈவா 40: மொத்தம் 1,780. சொதப்பலுக்கு 50 ரூபாய் அதிகம். நீச்சல் கண்ணாடியைத் தினமும் ராத்திரி போடுகிறேன், அதை இந்தப் பக்கம் மாற்றி எழுதலாமா என்று இன்னும் யோசனையாக இருக்கிறது.

அடுத்த ஜோடி செய்தால் முதல் வேலையாக மாவு அச்சு எடுப்பேன், பிரேம் வாங்குவதற்கும் முன்னால், பழைய பிரேமை வைத்தே. எந்த பிரேமில் இடைவெளி குறைவு என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போயிருந்தால் பொட்டுப் பக்கம் 19 வந்திருக்காது. கண்ணாடி இப்போது 41 கிராம் இருக்கிறது, மூக்கில் தடம் விழுகிறது. கன்னத்து ஃபோமை 7க்குப் பதில் 5 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினால் குறையும் என்று நினைக்கிறேன். மூக்கோரத் துண்டுதான் சீக்கிரம் அமுங்கிப் போகிறது, ஐந்து வாரம் தாங்கினால் அதிகம். அதை மட்டும் எட்டு ஜோடி வெட்டி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

கோன் வைண்டிங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கும் இதே கண். போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறையில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் கொண்டுவந்த மாவை அவள் முகத்தில் அழுத்தினேன். அவளுக்கு மூக்கோரம் 6, கன்னம் 5. என் அளவில் எதுவுமே ஒத்துவரவில்லை. ஏசி பைப்காரரிடம் இன்னும் ஒரு முழம் கேட்டிருக்கிறேன்.